பள்ளிக்கூடம் முதலில் வந்தது, கோயில் பிறகு

கேள்வி: ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியும் பங்கும் (ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கும் சபைச் சமூகமும்) உருவான காலத்தில் அங்கே இருந்தவர்கள் யாராவது உண்டா? இப்போது திரும்பிப் பார்த்தால் என்ன தோன்றுகிறது?

நான் இருந்தேன். அந்தப் பள்ளிக்கு முதல் டீச்சர் நான்தான். அங்கேயே தலைமையாசிரியையாகி ஓய்வும் பெற்றேன். ஓரியூர்ப் பக்கம், பழைய ராமநாதபுரம் மாவட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே படித்த பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் பற்றியெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது.

போர்ச்சுகல்லிலிருந்து வந்த குரு அருளானந்தர் 1693ல் வெட்டுப்பட்டு இறந்த மண் ஓரியூர். ஆகவே அந்தச் சீமையில் கிறிஸ்தவம் ரொம்பப் பழசு. ஆனால் வேதம் பழசாக இருப்பது வேறு, ஊருக்கு ஒரு பங்கு இருப்பது வேறு. நாங்கள் வேறொரு பங்கைச் சேர்ந்த வெறும் கிளை ஊர். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்து புளியமரத்தடியில் பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் எல்லாம்: ஞாயிற்றுக்கிழமை செபமாலை, சாவு வீட்டில் மந்திரம், சாகக்கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம்.

எழுபதுகளின் கடைசியில் புதிதாக வந்த சாமி கோயில் கட்டும் எண்ணத்தோடுதான் வந்தார். ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடம் கேட்டார்கள். அரசுப் பள்ளி கண்மாய்க்கு அந்தப்பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் கலுங்கு பாய்ந்தால் பாதை கிடையாது. தண்ணீர் வற்றிய மாதங்களில் எங்கள் பிள்ளைகளை அங்கே எந்த மூலையில் உட்கார வைத்தார்கள் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். சாமி இரண்டு நாள் யோசித்தார். கோயிலுக்கு என்று வைத்திருந்த இடத்தில் பள்ளிக் கொட்டகைக்கு வானம் தோண்டச் சொன்னார்.

மண் சுமந்தவர்களுக்குக் கூலி கோதுமை ரவையும் எண்ணெயும். அமெரிக்கக் கத்தோலிக்க நிவாரண அமைப்பு வழியாக வந்தவை அவை. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் போட்ட மூட்டைகள். ரவை தீர்ந்ததும் மூட்டைத் துணி கால்சட்டையானது. எழுத்து பின்பக்கம் வராமல் வெட்டத் தெரிந்த தையற்காரர் எங்கள் பக்கம் இல்லை. ஒன்றாம் வகுப்பில் பாதிப் பையன்கள் அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று ஆங்கிலத்தில் அறிவித்துக்கொண்டுதான் சிலேட்டுக் கழுவப் போவார்கள்.

அறுபதுகளில் கத்தோலிக்க ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழில், சாமியார் மக்களைப் பார்த்து நிற்பார். அதனால் பீடத்துக்கு ஒரு மேசை போதும். என் மேசைதான் பீடம். சனிக்கிழமை மதியம் கரும்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து, மேசையில் வெள்ளைத்துணி விரிப்போம். திங்கட்கிழமை காலையில் மெழுகைச் சுரண்டிவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறப்பேன். பக்கத்துக் கிளை ஊர்க்காரர்களும் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, அந்தப் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வர ஆரம்பித்தார்கள். மூன்று ஊர்ச் சனம் ஒரு கூரைக்குக் கீழே உட்கார்ந்தது அப்போதுதான். பெற்றோர் கூட்டத்துக்கு வந்து சண்டை போட்டவர்கள்தான் பிற்பாடு பங்குப் பேரவை ஆனார்கள். பள்ளியில் பாதிப் பேர் இந்துப் பிள்ளைகள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் அப்பாமார்களும் கூரை வேய வந்தார்கள்.

ரொம்பப் புனிதமாக நினைத்துவிடாதீர்கள். பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் கல்லறையில் ஒன்றாகப் படுக்கவில்லை. சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று வருஷா வருஷம் தகராறு.

பள்ளியின் டிரங்குப் பெட்டியில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று என் சேர்க்கைப் பதிவேடு. இன்னொன்று உபதேசியாரின் குடும்பக் கணக்கு. அவர் வீட்டுக் கூரை ஒழுகும் என்று இங்கே வைத்திருந்தார். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி பிரச்சினையே இல்லை, ஞானஸ்நானச் சீட்டு இருக்கும். மற்றப் பிள்ளைகள் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது, பிறந்த மாதம் மே அல்லது ஜூன்.

பெயரில்தான் சிக்கல். இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியில் வர முடியாது என்கிறது 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். "என்ன பேர் எழுதட்டும்?" என்று கேட்டால் தாய்மார்கள், "கோயில்ல அந்தோணியம்மா டீச்சர், இங்க முத்துலட்சுமின்னு போட்ருங்க" என்பார்கள். ஒரே பிள்ளைக்கு ஒரே பெட்டிக்குள் இரண்டு பெயர், இரண்டு மதம். இதைப் பொய் என்று என்னிடம் வாதாடிய சாமியார்களும் உண்டு. வேலைக்கும் படிப்புக்கும் உள்ள ஒதுக்கீட்டை ஞானஸ்நானத்துக்கு விலையாகக் கொடு என்று ஒரு கூலிக்காரத் தாயிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்றோர் சொன்னதை எழுதினேன்.

அரசு மானியம் வரும்வரை சம்பளம் என்பது சாமி கையில் இருப்பதைப் பொறுத்தது. சில மாதம் நெல்லாகவும் வரும். கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதையை விட்டுவிடுகிறேன். பள்ளி நடத்திய எல்லோரும் பட்டதுதான். உதவிபெறும் பள்ளியாகிவிட்டதால் 1982ல் சத்துணவு வந்தபோது எங்களுக்கும் கிடைத்தது. ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளை வகுப்புக்கு இழுத்து வந்தது அந்தச் சோறு. என் பாடம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

1987ல் மதுரையிலிருந்து பிரித்து, தனி ஆயரின் கீழ் சிவகங்கை மறைமாவட்டம் வந்தது. அதற்குப் பின் நாங்கள் தனிப் பங்கானோம். சாமியார் ஊரிலேயே தங்கினார், கோயிலும் எழும்பியது. நல்ல கோயில்தான். ஆனால் பங்கு அந்தக் கட்டடத்தில் உருவாகவில்லை, அதற்கு முன்பே கொட்டகையில் உருவாகிவிட்டது.

இன்று அந்தப் பள்ளியில் பிள்ளைகள் குறைவு. ஆங்கிலவழிப் பள்ளி வேன்கள் ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொண்டு போகின்றன. 2024ல் காலை உணவுத் திட்டம் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்ததில் கொஞ்சம் தெம்பு.

போன வருஷம் ஓர் இளம் சாமியார் தன் கிளை ஊரில் பள்ளி தொடங்க யோசனை கேட்டு வந்தார். 1991-92க்குப் பிறகு தொடங்கிய தனியார் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டில் மானியம் இல்லை. மானியம் இல்லையென்றால் கட்டணம். கட்டணம் என்றால் எந்தப் பிள்ளைகளுக்காகத் தொடங்குகிறாரோ அவர்களே வர முடியாது. பள்ளி வேண்டாம் சாமி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு ஆரம்பியுங்கள், வந்து கணக்கு நடத்த நான் தயார் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.