டெய்லி ரெட்லைன் தொட்டா இன்ஜின் தாங்குமாங்க?

கேள்வி: வணக்கங்க அண்ணா. செகண்ட் ஹேண்ட்ல ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 வாங்கிருக்கேன், 2018 மாடல், 61000 கிலோமீட்டர் ஓடிருக்கு. வாரத்துல நாலஞ்சு தடவையாவது ரெண்டாவது மூணாவது கியர்ல ரெட்லைன், அதாங்க ஆர்.பி.எம். மீட்டர்ல சிவப்பு கோடு, வரைக்கும் போயிடறேன், அந்த இழுப்புக்காகத்தான் இந்தக் காரையே வாங்கினேன். எங்க மாமா லாரி வச்சு ஓட்டினவரு, இப்படி மிதிச்சா ரெண்டு வருஷத்துல இன்ஜினை இறக்கிருவேங்கறாரு. ஃப்ரெண்டு ஒருத்தன் தினம் ஒருக்கா ரெட்லைன் தொட்டாத்தான் கார்பன் போகும்ங்கறான். யாரு சொல்றது சரிங்க?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, உங்க மாமா சொல்றது பொய் இல்லைங்க, அவரு ஓட்டின வண்டிக்கு அது நிஜம். லாரி டீசல் இன்ஜின் 2500 ஆர்.பி.எம்., அதாவது நிமிஷத்துக்கு 2500 சுத்து, தாண்டினாலே கதற ஆரம்பிச்சிரும், அப்படி ஓட்டற டிரைவரை எந்த ஓனரும் வச்சிருக்க மாட்டாரு. ஆனா உங்க இன்ஜின் வேற ரகம். சிவப்பு கோடு எங்க போடணும்னு கம்பெனியில இன்ஜினை டெஸ்ட் பெஞ்ச்ல ஏத்தி மணிக்கணக்கா ஃபுல் லோடுல ஓட்டி பாத்துத்தான் முடிவு பண்றாங்க, கோட்டை தொட்ட உடனே உடையற மாதிரி யாரும் செய்ய மாட்டாங்க. அதனால இன்ஜின் நல்லா சூடாகிருக்கு, ஆயில் நல்ல ஆயில், அளவும் சரியா இருக்கு, ரெண்டு செகண்டு மேல போய்ட்டு அடுத்த கியர் போட்டுட்டீங்கன்னா வாரத்துல நாலு தடவை இல்ல நாப்பது தடவை பண்ணினாலும் அதுனால மட்டும் இன்ஜின் போகாது.

ஹோண்டா எஸ்2000னு ஒரு கார் இருக்குங்க, 1999ல வந்துச்சு, ரெண்டு லிட்டர், டர்போ கிடையாது, ரெட்லைன் 9000. அதுல வீடெக்னு வால்வு திறக்கற விதத்தையே மாத்தற சிஸ்டம் வேலைக்கு வந்து உண்மையான பவர் வர்றதே 6000ஐ ஒட்டித்தான், அதனால அதை வாங்கினவங்க எல்லாரும் மீட்டரோட மேல் பாதியிலதான் ஓட்டுவாங்க, ஓட்டியும் வருஷக்கணக்கா இன்ஜினை திறக்காம வச்சிருக்கறவங்க நிறைய பேர்.

அதுக்காக ரெட்லைன் சும்மா கிடைக்குதுன்னு நினைச்சுராதீங்க. உங்க இன்ஜின்ல பிஸ்டன் போய் வர்ற தூரம் 92.8 மில்லிமீட்டர். 6500 ஆர்.பி.எம்.ல கிராங்க், அதாவது பிஸ்டன் சுத்த வைக்கற தண்டு, செகண்டுக்கு 108 சுத்து சுத்துது, அப்படின்னா ஒரே செகண்டுல பிஸ்டன் 216 தடவை முழுசா நின்னு திரும்புது. மேல போய் நின்னு திரும்பற அந்த இடத்துல, பிஸ்டனும் அதைக் கோர்க்கற பின்னும் சேர்ந்து அரை கிலோன்னு வச்சுக்கிட்டாக்கூட, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கற கனெக்டிங் ராடை ஒரு டன்னுக்கு மேல பிடிச்சு இழுக்குதுங்க. ஆர்.பி.எம். ரெண்டு மடங்கானா இந்த இழுப்பு நாலு மடங்கு ஆயிரும். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல ஜோர்டான் டீமுக்கு ஃபார்முலா ஒன் ஓட்டினாருல்ல, அந்தக் கார்ல இருந்தது டொயோட்டா வி10, 18000க்கு மேல சுத்தற இன்ஜின், அந்த வருஷ ரூல்படி ஒரு இன்ஜின் ரெண்டு ரேஸ் வரைக்கும் தாங்கணும், அவ்வளவுதான் அதுகிட்ட எதிர்பார்த்தாங்க. உங்க கார் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடணும்னுதான் 6500 கிட்டயே கோடு போட்டு நிறுத்திருக்காங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். அந்த ஒரு டன் இழுப்பை தாங்கறது இரும்பு இல்லைங்க, ராடு பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல நிக்கற ஆயில் படலம், தலைமுடியை விட மெல்லிசு. அது நல்லா இருக்கற வரைக்கும் இரும்பும் இரும்பும் தொடவே தொடாது. போன வருஷம் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பெட்ரோல் டர்போ கார் வந்துச்சு, ஐடில்ல அமைதி, லேசா மிதிச்சா அடியில இருந்து டக்டக்டக்குனு சத்தம். அடியில ஆயில் தேங்கற சம்ப்பை கழட்டி பேரிங் ஷெல்லை வெளிய எடுத்தேன், அரைவட்டமா வளையல் துண்டு மாதிரி இருக்கும், புதுசுல மங்கின வெள்ளி கலர்ல வழுவழுன்னு இருக்கணும், இதுல நடுவுல செம்பு கலர் பல்லை இளிச்சுது, நகத்தை வச்சு தடவினா கோடு கோடா தடுக்குது. ஓனர் நல்ல பையன், தினம் காலையில அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல ஸ்டார்ட் பண்ணி ரெண்டு தெரு தள்ளி பைபாஸ் ஏறினதும் ஃபுல்லா மிதிச்சிருக்கான், கார் வாங்கின நாள்ல இருந்து டிப்ஸ்டிக்கை, அதான் ஆயில் அளவு பாக்கற குச்சியை, இழுத்து பாத்ததே இல்ல. நான் இழுத்து பாத்தப்ப நுனியில மட்டும் கருப்பா ஒரு சொட்டு. ரெட்லைன்னால போச்சுன்னு அவன் அழுதான், எனக்கு அதைப் பாக்க மனசே ஆகல, ஏன்னா அதே பையன் பத்து நிமிஷம் பொறுத்திருந்து வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக்கை பாத்திருந்தா அந்த இன்ஜின் இன்னைக்கும் ஓடிட்டிருக்கும்.

அதனால டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துருச்சுன்னு மிதிக்காதீங்க, அது கூலன்ட் சூடு, ஆயில் அதுக்கு ரொம்ப பின்னாடிதான் வரும். உங்க கார்ல மீட்டருக்கு நடுவுல இருக்கற டிஸ்ப்ளேல ஆயில் டெம்பரேச்சர் தனியா வரும் பாருங்க, 50 டிகிரிக்கு கீழ இருந்தா நம்பரே காட்டாது, கோடு மட்டும்தான் காட்டும். நம்பர் 80 தாண்டற வரைக்கும் 3000க்கு மேல போகாதீங்க. பிஎம்டபிள்யூ பழைய இ46 எம்3ல இதுக்காகவே ஆர்.பி.எம். மீட்டரை சுத்தி சின்ன லைட்டுங்க வச்சிருந்தாங்க, ஆயில் ஆறிப்போயிருந்தா கீழ இருந்தே எரியும், சூடாக சூடாக ஒவ்வொண்ணா அணைஞ்சு கடைசியா 8000 கிட்ட வந்து நிக்கும். அதாவது குளிர்ந்த இன்ஜினுக்கு ரெட்லைனே வேற. நீங்க பொள்ளாச்சியில இருந்து வால்பாறை ரோட்டுக்கு போற ஆளா இருந்தா கவலையில்ல, ஆழியாறு போய் சேர்றதுக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல நேர் ரோடு, அதுக்குள்ள ஆயில் நல்லா சூடாயிரும். ஆனா அந்த 40 கொண்டை ஊசியிலயும் ரெட்லைன் வேண்டாங்க, கையெடுத்து கேக்கறேன், உங்க கார் ரெண்டாவது கியர் முடியும்போதே நூறை ஒட்டி வந்துரும், வளைவுக்கு அந்தப் பக்கம் வரையாடு நிக்குதா பஸ் வருதான்னு யாருக்கும் தெரியாது. முழுசா மிதிச்சு ஓட்டி பாக்கணும்னா செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே உங்களுக்கு பக்கத்துலயே இருக்கு, 2.1 கிலோமீட்டர் டிராக், ட்ராக் டே நடக்கறப்ப கேட்டுப் போங்க.

ஆயில் விஷயத்துல இன்னொண்ணு. மேல மேல ஓட்டற இன்ஜின் ஆயிலை கொஞ்சம் கூடவே குடிக்கும், ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரைக்கும் போகலாம்னு கம்பெனி மேனுவல்லயே போட்டிருக்கு. டிப்ஸ்டிக்ல மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒரு லிட்டர்தான், கணக்கு போட்டு பாருங்க, 2000 கிலோமீட்டர்ல காலி. கம்பெனி 15000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்த சொல்லுது, நீங்க ஓட்டற ஓட்டுக்கு 7500லயே மாத்திருங்க, மேனுவல்ல போட்டிருக்கற ஸ்பெக் ஆயிலா பாத்து ஊத்துங்க. காரை நிறுத்தறதுக்கு முன்னாடி கடைசி ரெண்டு மூணு கிலோமீட்டர் மெதுவா வாங்க, டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்திட்டு வந்திருக்கு.

உங்க ஃப்ரெண்டு சொன்ன கார்பன் கதை பாதி நிஜம். கார்புரேட்டர் காலத்துல டவுனுக்குள்ளயே ஊர்ந்துட்டு இருந்த வண்டியை ஹைவேல விரட்டினா பிளக்ல ஒட்டின கரி எரிஞ்சு போகும், வெளிநாட்டுல இதுக்கு இத்தாலியன் ட்யூன் அப்னே பேரு. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 மாதிரி ரோட்டரி இன்ஜினுக்கும் அப்பப்ப மேல போறது நல்லதுதான், அது ஆயிலையே உள்ள விட்டு எரிக்கற டிசைன். ஆனா டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போயிருது, இன்டேக் வால்வோட முதுகை கழுவ ஆளே இல்ல, இன்ஜின் உள்ள இருந்து பிரீதர் குழாய் வழியா வர்ற ஆயில் புகை அங்க காய்ஞ்சு கட்டியாகுது. ரெட்லைன் தொட்டா அது போகும்னா ஆடி ஆர்எஸ்4, பி7 மாடல், 8250 வரைக்கும் சுத்தற வி8, அதுல கார்பன் பிரச்சனையே வந்திருக்கக் கூடாது, ஆனா கார்பனுக்கு பேர் போனதே அந்த இன்ஜின்தான். வால்வை கையால சுத்தம் பண்ணித்தான் எடுக்கணும்.

அப்புறம் உங்க கார்ல 230 பிஎஸ் பவர் 4700ல இருந்து 6200 வரைக்கும்தான், அதுக்கு மேல இறங்குது. 6200ஐ ஒட்டி கியர் மாத்தினா ரெட்லைன் வரைக்கும் போறதுக்கு குறையாம ஓடும், பேரிங்குக்கும் நல்லது.

கேள்வி: என்னோடது 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல், மேனுவல் கியர் சார். ஆர்.பி.எம். எல்லை தாண்டாம தடுக்கற ரெவ் லிமிட்டர் இருக்கறப்ப இன்ஜினுக்கு எதுக்கு பயப்படணும்? நியூட்ரல்ல நிறுத்தி ரெவ் பண்ணினா லோடு கிடையாதே, அது சேஃப்தானே?
- வாசகர், மதுரை

பதில்: லோடு இல்லாததுதான் பிரச்சனைங்க. வண்டி வெயிட்டை இழுக்கற வேலை இல்லாததால ஆர்.பி.எம். ஒரே தாவா தாவுது, பிஸ்டன் மேல போய் திரும்பறப்ப எதிர்த்து தள்ள எரிஞ்ச காஸோட அழுத்தம் கம்மி, இழுப்பு மொத்தமும் ராடு போல்ட்டுக்கும் பேரிங்குக்கும் போகுது. காத்தோட்டமும் கிடையாது, புகையை சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர் சூடாகி கிடக்கும். லிமிட்டர்ல முட்டி முட்டி படபடன்னு சத்தம் வர வைக்கறது இன்னும் மோசம். டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கார்ல பார்க்ல வச்சு மிதிச்சா 4000 கிட்டயே அடக்கி வைக்கறது சும்மா இல்ல.

லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தும், அவ்வளவுதான் அதால முடியும். அஞ்சாவது கியர்ல 4500ல போய்ட்டிருக்கீங்க, நாலுக்கு இறக்கறேன்னு அவசரத்துல ரெண்டுல போட்டு கிளட்ச்சை விட்டுட்டீங்கன்னா சக்கரம்தான் இன்ஜினை சுத்தும், ரெண்டாவது கியர் ரேஷியோ அஞ்சாவதை விட சுமார் ரெண்டரை மடங்கு, முள் 11000 பக்கம் போகணும். வால்வு ஸ்பிரிங்கால அந்த வேகத்துக்கு வால்வை திருப்பி மூட முடியாது, மேல வர்ற பிஸ்டன் வால்வை இடிச்சு வளைச்சிரும். 9000 தாங்கற எஸ்2000 இன்ஜின்லகூட வால்வு ஸ்பிரிங்கை பிடிச்சிருக்கற ரிடெய்னர் விரிசல் விடறது இப்படித்தான். டிஎஸ்ஜி அந்த கியரை கேட்டாலும் குடுக்காது, மேனுவல்ல உங்க கைதான் எல்லாம். கியர் லீவரை இறுக்கி பிடிச்சு இடது பக்கமா தள்ளாம, உள்ளங்கையால லேசா பின்னாடி மட்டும் தள்ளி பழகுங்க, லீவர் தானாவே நடுவுக்கு வந்துரும். ஒருவேளை அப்படி ஒரு தடவை ஆயிருச்சுன்னா, ஸ்டார்ட் ஆகுதே ஓடுதேன்னு வீட்டுக்கு ஓட்டிட்டு போகாதீங்க, டோ பண்ணி எடுத்துட்டு போய் சிலிண்டர்ல அழுத்தம் நிக்குதா கசியுதான்னு சொல்ற கம்ப்ரெஷன் டெஸ்ட், லீக்டவுன் டெஸ்ட் ரெண்டும் பாத்துட்டு அப்புறம் எடுங்க.