மங்கும் வறட்சியும்: நாற்பதைத் தாண்டிய தோலுக்குச் சில பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் 'முகம் பழையபடி இல்லை' என்றே தொடங்குகின்றன. நம் பக்கத்து நிறத்தில் வயது முதலில் சுருக்கமாகத் தெரிவதில்லை. மங்காகவும் (கன்னத்தில் படரும் பழுப்புத் திட்டு) திட்டுத்திட்டான கருமையாகவும் தெரிகிறது. நம் தோலின் நிறமி வெயிலிலிருந்து ஓரளவு காக்கிறது. ஆனால் எந்த எரிச்சல் வந்தாலும் அதே நிறமி கூடுதலாகச் சுரந்து கறுத்துவிடுகிறது. விலை உயர்ந்த கிரீம்களில் பல சுருக்கத்தைக் குறிவைத்தவை. பணம் செலவழிக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

வள்ளியூர் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 46. தினமும் ஸ்கூட்டர் பயணம். இரண்டு கன்னத்திலும் மங்கு. எந்த சன்ஸ்கிரீன் வாங்க வேண்டும்?

பெட்டியில் வெயில் காப்பின் அளவைக் காட்டும் இரண்டு குறிகள் இருக்கும்: எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், பிஏ குறியீட்டில் குறைந்தது மூன்று கூட்டல் குறி உள்ளதாகப் பாருங்கள். மங்குக்குப் புற ஊதாக் கதிர் மட்டும் காரணமில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் அதைக் கூட்டும். அந்த வெளிச்சத்தைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு. ஆகவே அது கலந்த, லேசான தோல்நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன் உங்களுக்கு ஏற்றது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பயறளவு தடவினால் பெட்டியில் எழுதியிருக்கும் காப்பு கிடைக்காது. மதியம் பள்ளியிலிருந்து புறப்படும் முன் மறுபடியும் தடவுங்கள்.

கத்திரி வெயில் முடிந்ததும் பலர் சன்ஸ்கிரீனை நிறுத்திவிடுகிறார்கள். திருநெல்வேலியில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது: சித்திரை பிறக்கும் நேரத்தில் ஒரு முறை, ஆவணி நடுவில் இன்னொரு முறை. ஆனி, ஆடியில் காற்று வீசி உடம்பு குளிர்ந்தாலும் கதிர் குறைவதில்லை. மேகமும் அதை முழுமையாகத் தடுப்பதில்லை. வயல் வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறவர்களுக்கு மாதாமாதம் கிரீம் வாங்கக் கட்டுப்படியாகாது. முகத்தில் நிழல் விழும்படி கட்டிய நெருக்கமான நெசவுத் துணியும் நல்ல காப்புதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன், வயது 52. மங்குக்கு மருந்துக் கடையில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் முகம் வெளுத்தது. இரண்டு வருடமாகப் போடுகிறேன். இப்போது நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது, தாடையில் முடியும் வளர்கிறது.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ஸ்டீராய்டு கிரீமையே காட்டுகின்றன. குழாயின் பின்புறத்தைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபிடசால், மொமெட்டசோன், ஃபுளுசினோலோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டுதான். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, அழற்சியை அமுக்குவதால் முதலில் முகம் தெளிந்தது போலத் தோன்றும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவப்பு நூல் போல இரத்தக் குழாய்கள் தெரியும். பருவும் முடியும் வரும். வயதானால் தானே மெலியும் தோலை மருந்தாலும் மெலியவைப்பது இரட்டை இழப்பு.

மங்குக்கு, ஸ்டீராய்டும் சேர்ந்த மூன்று மருந்துகளைக் கலந்து கொடுக்கும் முறையை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1975-இல் வெளியிட்டார். அந்த வகைக் கலவை இன்றும் பயனுள்ளது. ஆனால் அது சில வாரங்களுக்கு, மருத்துவர் பார்வையில் போட வேண்டிய மருந்து. பவுடர் போல நாள்தோறும் பூசுவதற்கில்லை. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணையிட்டது. இருந்தும் 'முகம் வெளுக்க' என்று கேட்டால் கையில் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. இது என்னை மிகவும் வருத்துகிறது.

எரிச்சல் தாங்காமல் அதே கிரீமைத் திரும்ப எடுக்காதீர்கள். குழாயைக் கையோடு கொண்டுபோய்த் தோல் மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாக விடுவிக்க வழி இருக்கிறது. சில மாதங்கள் ஆகும், ஆனால் முகம் தேறும்.

கூடவே ஒன்று. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும், உட்பொருள் பட்டியல் இல்லாத வெள்ளை கிரீம்கள் வேண்டவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் நமக்கு மேற்கே உள்ள செய்தி எட்டியிருக்கும்: 2023-இல் கேரளத்தின் மலப்புறத்தில் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பூசுகிற தாயின் கையிலிருந்து குழந்தைக்கும் பாதரசம் போகும்.

எங்கள் ஆச்சிக்கு 78 வயது. காற்றுக்காலம் வந்தால் கணுக்காலுக்கு மேலே தோல் வெடித்து, இரவெல்லாம் அரிப்பு. என்ன கிரீம் கொடுக்கலாம்? (ஏர்வாடி)

முதலில் சோப்பைக் குறையுங்கள். அக்குள், தொடையிடுக்கு, பாதம் தவிர வேறெங்கும் ஆச்சிக்குச் சோப்பு தேவையில்லை. கொதிக்கிற வெந்நீர் வேண்டாம். குளிக்கும் நீரில் கிருமிநாசினித் திரவத்தை ஊற்றும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்; அதுவும் அரிப்பைக் கூட்டும். குளித்துத் துடைத்ததும், ஈரம் முழுவதும் உலரும் முன் மணமில்லாத பெட்ரோலியம் ஜெல்லியைக் காலில் தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் உதவும். உள்ளங்காலில் மட்டும் பகலில் தடவ வேண்டாம், ஆச்சி வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் பரிசோதிக்க வேண்டும்.

பாளையங்கோட்டை, வயது 51. மாதவிலக்கு நின்றபின் முகம் தளர்ந்துவிட்டது. ரெட்டினால் போடலாமா? கொலாஜன் பவுடர் குடிக்கலாமா?

மாதவிலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில் தோலை உறுதியாக வைத்திருக்கும் புரதமான கொலாஜன் வேகமாகக் குறைகிறது, நீங்கள் உணர்வது உண்மைதான். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினால் போடலாம். இரவில், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணியளவு, முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும். மேலே ஈரப்பதக் கிரீம். எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு தொடராதீர்கள், நம் நிறத்தில் அந்த எரிச்சலே கருமையாக நிற்கும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மருந்தான டிரெட்டினாயின் இன்னும் வலுவானது. மருத்துவர் சொன்னால் மட்டும். கருத்தரிக்க வாய்ப்புள்ள வயதில் இருக்கும் உங்கள் மகளோ மருமகளோ இரண்டையும் எடுத்துப் போடக் கூடாது.

கொலாஜன் பவுடருக்குக் கொடுக்கும் பணத்தில் முட்டை, மீன், பயறு வாங்குங்கள்.

கன்னத்தில் சின்னச் சின்னக் கறுப்பு மருக்கள். சுண்ணாம்பு வைத்தால் உதிரும் என்கிறார்கள். (களக்காடு)

வைக்காதீர்கள். சுண்ணாம்பு தோலைப் பொசுக்கித் தழும்பாக்கும். இவை பெரும்பாலும் பரம்பரையாக வரும் தீங்கற்ற மருக்கள். மருத்துவர் மின்சாரச் சூட்டுக்கோலால் எளிதாக எடுத்துவிடுவார். கழுத்தில் மருக்களோடு கறுத்துத் தடித்த பட்டையும் இருந்தால் சர்க்கரை பாருங்கள்.

வயது 58, ஆண். நெற்றியும் காதோரமும் கறுத்துக்கொண்டே வருகிறது. எந்த கிரீமும் கேட்கவில்லை. (திசையன்விளை)

தலைக்கு டை அடிக்கிறீர்களா? கருமை முடியோரத்திலிருந்து இறங்கினால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் டையில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் மீதுதான். உடனே நிறுத்துங்கள். 'கறுப்பு மருதாணி' என்று விற்பதிலும் அது பெரும்பாலும் இருக்கும். பச்சை இலையை அரைத்த மருதாணியில் இல்லை. சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்தால் உறுதியாகிவிடும். அது தெரியும்வரை முகத்துக்குப் புதிய கிரீம் எதுவும் வாங்க வேண்டாம்.