மகளின் படிப்புக்கும் மகனின் கட்டுரைக்கும் சேமநிதியை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார். மகள் நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனமொன்றில் வேலை செய்துகொண்டே, தோழியோடு சேர்ந்து ஏழு தமிழ்ப் பாடல்களை வெளியிட்டிருக்கிறாள். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று இணையவழி நடத்தும் இசை வணிகச் சான்றிதழ் படிப்பில் சேர 28,000 ரிங்கிட் கேட்கிறாள். மகன் மெய்யியலில் முதுகலை முடித்தவன். ஓர் ஆய்விதழ் அவனுடைய கட்டுரையை இரண்டே வாரத்தில் வெளியிடுவதாகச் சொல்லி 6,000 ரிங்கிட் கேட்கிறது. அது வெளிவந்தால் கல்விப் பதிப்பகத்தில் வேலை தேடச் சுலபமாக இருக்கும் என்கிறான். என் சேமநிதியிலிருந்து எடுத்துக் கொடுக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரி, மகனின் 6,000 ரிங்கிட்டை முதலில் பார்த்துவிடுவோம். அதைக் கட்டாதீர்கள். மெய்யியலில் மதிப்புள்ள இதழ்கள் பொதுவாக எழுத்தாளரிடம் வெளியீட்டுக் கட்டணம் கேட்பதில்லை. சன்மானம் தருவதும் இல்லை. பெரிய பதிப்பகங்களின் இதழ்கள் சில, கட்டுரையை எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவைக்கத் தனிக் கட்டணம் கேட்கும். பெரும்பாலும் அது நம் விருப்பம். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் 'பிலாசபர்ஸ் இம்ப்ரின்ட்' போன்றவை வாசகரிடமும் பணம் வாங்குவதில்லை. நல்ல இதழில் துறை அறிந்தவர்கள் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லவே மாதக்கணக்கில் ஆகும். இரண்டு வாரத்தில் வெளியிடுகிறோம் என்றால் அப்படி யாரும் கட்டுரையைப் படித்துச் சரிபார்க்கப் போவதில்லை என்று பொருள். அப்படிப்பட்ட இதழின் பெயர் வேலை விண்ணப்பத்தில் இருந்தால், விவரம் தெரிந்த பதிப்பாசிரியர் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்வார்.

மகனுக்குப் பதிப்புத் தொழிலில் ஆர்வம் இருந்தால், அவன் கற்க வேண்டியது பிரதி திருத்தமும், நூலின் கடைசியில் வரும் பொருளடைவைத் தயாரிப்பதும். பிரிட்டனின் பிரதி திருத்துவோர், மெய்ப்புப் பார்ப்போர் பட்டயக் கழகம் பிரதி திருத்தத்தை இணையவழி சொல்லித் தருகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் சொந்தப் பதிப்பகங்கள் இருக்கின்றன. முதலில் அங்கே பயிற்சி வாய்ப்பு கேட்டு எழுதட்டும்.

இனி மகள். அவள்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை வருகிறது. ஏழு பாடல் வெளியிட்டவள் ஏற்கெனவே இந்தத் தொழிலுக்குள் இருக்கிறாள். ஆனால் அந்த ஏழு பாடல்களின் உரிமை யாருக்கு எத்தனை விழுக்காடு என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறாளா? இசை வணிகத்தின் முதல் பாடமே அதுதான், அதற்கு 28,000 ரிங்கிட் தேவையில்லை. ஒரு பாடலுக்கு ஒரு தாள். மேலே பாடலின் பெயர், அதன் கீழே வரி எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், ஒலிப்பதிவுக்குச் செலவழித்தவர், ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு, அடையாள அட்டை எண், கையொப்பம், தேதி. தோழிகள் நட்போடு இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும். பாடல் பிரபலமான பிறகு பங்கு பேச உட்கார்ந்தால் பணமும் போகும், நட்பும் போகும்.

அடுத்து, எம்ஏசிபி. 1989இல் தொடங்கிய இந்த அமைப்பு, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டிய உரிமத்தொகையை வசூலித்துத் தருகிறது. மின்னல் பண்பலையிலோ ராகாவிலோ மகளின் பாட்டு ஒலித்தால் வரிக்கும் மெட்டுக்கும் தொகை உண்டு. அவளும் தோழியும் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிந்திருந்தால்தான் அது கைக்கு வரும். ஒலிப்பதிவு என்பது தனி உரிமை. இணையத் தளங்களில் பாடலை ஏற்றிய விநியோக நிறுவனம் அனுப்புவது அதற்கான பங்கு. மலேசியச் சட்டப்படி பாடல் வரிக்கும் இசைக்கும் உரிமை, படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப்பின் 50 ஆண்டும் நீடிக்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகள் வரை வரக்கூடிய சொத்து இது. வீட்டுப் பத்திரத்தைப்போல் பத்திரப்படுத்த வேண்டும்.

படிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊழியர் பயிற்சிக்காக நிறுவனங்களிடம் தொகை வசூலிக்கும் அரசு அமைப்பான எச்ஆர்டி கார்ப்புக்கு மகளின் நிறுவனம் சம்பளத்தில் 1 விழுக்காடு செலுத்துகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பல துறைகளில் 10 பேரோ அதற்கு மேலோ உள்ளூர் ஊழியர் இருந்தால் அது கட்டாயம். நிகழ்ச்சி ஒப்பந்தம், உரிமம் பற்றிய குறுகிய பயிற்சிக்கு நிறுவனமே அதிலிருந்து செலவழிக்க முடியும். அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் வெளிநாட்டு இணையச் சான்றிதழுக்குக் கிடைக்காது. கல்விக்கான வருமான வரி விலக்கும் மலேசியாவில் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்களுக்குத்தான்.

சேமநிதிக்கு வருகிறேன். 2024 மே முதல் உள்ள மூன்று கணக்குகளில், செஜாதெரா கணக்கிலிருந்து கல்விக்காக எடுக்க வழி இருக்கிறது. ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்க முடியும் என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். சேமநிதி வாரியம் 2023க்கு 5.5, 2024க்கு 6.3 விழுக்காடு இலாப ஈவு அறிவித்தது. ஆண்டுக்கு 5.5 என்றே வைத்துக்கொண்டாலும், பிள்ளைகள் கேட்கும் 34,000 ரிங்கிட் உங்களுக்கு 60 வயதாகும்போது ஏறத்தாழ 55,000 ஆகியிருக்கும். உங்கள் ஒருவர் சம்பளத்தில் அதை மறுபடி சேர்ப்பது மிகவும் கடினம். பிள்ளைகளுக்குச் சம்பாதிக்க இன்னும் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன.

மகளுக்கு உதவ மனம் துடித்தால், வங்கிச் சேமிப்பிலிருந்து எம்ஏசிபி பதிவுக்கும் பங்கீட்டு ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞர் பார்த்துத் தரும் செலவுக்கும் கொடுங்கள். ஓராண்டு கழித்து உரிமத்தொகைக் கணக்கை அவள் கையிலேயே எடுத்து வரட்டும். அப்போதும் அந்தப் படிப்பில் சேர விரும்பினால், கட்டணத்தில் பாதியையாவது அவள் சேமித்திருக்க வேண்டும். மீதியைப் பற்றி எனக்கு மீண்டும் எழுதுங்கள்.