பிரஷர், கொலஸ்ட்ரால், சிகரெட் மூன்றும் மாரடைப்புக்கு வழிவிடும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நோயாளிகளை வைத்து அல்ல, நன்றாக இருந்தவர்களை வைத்துத்தான். மாரடைப்பு வந்த பிறகு ஒருவரைச் சோதித்தால், எது முன்பே இருந்தது, எது நோயால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். இறந்துபோனவர்களிடம் கேட்கவே வழியில்லை.

அதனால் 1948-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஆணும் பெண்ணுமாக 5,209 பேர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரவழைத்து பிரஷர், கொலஸ்ட்ரால், எடை, ஈசிஜி, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாருக்கு நோய் வந்ததோ அவருடைய பழைய பதிவை, வராதவர்களின் பதிவோடு ஒப்பிட்டார்கள். அடிப்படை அவ்வளவுதான், ஆனால் வருடக்கணக்கில் பொறுமை வேண்டும்.

வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும் என்று அன்று டாக்டர்கள் பலரே நம்பினார்கள். 1945-இல் மூளை ரத்தக்கசிவால் இறந்த அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் பிரஷர் 300/190! 1961-இல் இந்த ஆய்வில் வேலை செய்த வில்லியம் கேனல் குழுவின் கட்டுரை அந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தது. உயர் ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் இதயநோய்க்கு முன்னோடிகள் என்று அதில் பதிவுகளோடு காட்டினார்கள். ‘அபாயக் காரணி’ (நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் விஷயம்) என்ற கருத்தே அதற்குப் பிறகுதான் பரவியது. சிகரெட் பற்றிய முடிவு அடுத்த வருடம் வந்தது.

1971-இல் முதலில் சேர்ந்தவர்களின் பிள்ளைகளையும், 2002-இல் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தார்கள்.

ஒரு குறை உண்டு. முதலில் சேர்ந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர்கள். ஒருவருக்கு இதயநோய் வரும் வாய்ப்பைக் கணிக்க அந்தக் கணக்கில் உருவான ‘ஸ்கோர்’ தெற்காசியர்களுக்கு அப்படியே பொருந்தாது. நமக்கு இதயநோய் சராசரியாகச் சின்ன வயதிலேயே வருகிறது. பிரிட்டனில் இப்போது பயன்படும் கணிப்பானில் இனத்தையும் கேட்பது அதனால்தான்.