உருளை ஏன் நேராக இறங்கவில்லை?

வணக்கம் சகோ. கடல் கண்ணிவெடியின் மாதிரியாக நீங்கள் தண்ணீர்த் தொட்டியில் போட்ட உருளை, உங்கள் கணினி நிரல் சொன்ன இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விழுகிறது என்கிறீர்கள். உருளையை வெறும் புள்ளியாக வைத்துக் கணக்கிட்டதுதான் கோளாறு. நிறை மையம், அதாவது எடை சமமாக நிற்கும் புள்ளி, நடுவிலிருந்து கொஞ்சம் விலகினாலே அது சாயும். சாய்ந்தால் நீர் பக்கவாட்டில் தள்ளிவிடும். அமெரிக்காவின் மான்டெரேயில் உள்ள கடற்படை முதுகலைப் பள்ளி நீச்சல் குளத்தில் 2001இல் உருளைகளைப் போட்டுப் படம்பிடித்தபோதும் இதே கதைதான்: சில நேராக, சில ஊசலாடி, சில குப்புறப் புரண்டு இறங்கின. அதனால் உருளை எப்படிச் சாய்ந்து சுழல்கிறது என்று சொல்லும் சுழற்சிச் சமன்பாட்டையும் நிரலில் சேருங்கள். உருளை இழுத்துச் செல்லும் நீரின் கூடுதல் நிறையையும் விடாதீர்கள். விமானத்திலிருந்து விழும் வேகத்தில் நீருக்குள் நுழைந்தால் உருளையின் மூக்குக்குப் பின்னால் காற்று நிறைந்த குழி உருவாகும், அது தனித் தலைவலி. முதலில் உருளையை ஒரு பென்சில்மேல் கிடத்தி, எங்கே சமமாக நிற்கிறது என்று அளந்து சொல்லுங்கள்; நிறை மையம் அங்கேதான்.