கல்ச்சர் ரிப்போர்ட்டுல எஸ், ஆர்னா என்ன?

கேள்வி: யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் வர மூணு நாள் ஆச்சு, மருந்து பேருக்கு நேரா எஸ், ஆர்னு இருக்கு, என்ன அர்த்தம்?

பதில்: கல்ச்சர்னா யூரின்ல இருக்கற கிருமியை லேப்ல வளர்த்துப் பாக்கறது, அந்தக் கிருமி வளரவே ஒரு நாள் வேணுங்க. அப்புறம் அதை உப்புத்தண்ணில லேசா கலங்கலா கரைச்சு, அகார் தட்டு (கிருமி வளர்றதுக்கான ஜெல்லி ஊத்தின தட்டு) முழுக்க பஞ்சுக் குச்சியால தடவி, ஆன்டிபயாட்டிக் ஊறின குட்டி காகித வில்லைகளை மேல வெச்சு, 35 டிகிரி சூட்டுல 16-18 மணி நேரம் விட்டுடுவாங்க. மறுநாள் தட்டெல்லாம் கிருமி படர்ந்திருக்கும், வேலை செய்ற மருந்தைச் சுத்தி மட்டும் வட்டமா தெளிவா இருக்கும், அதை மில்லிமீட்டர்ல அளந்துதான் எஸ்னா கேக்கும், ஆர்னா கேக்காதுன்னு போடுறாங்க. பெரிய வட்டம்னா பெட்டர் மருந்துன்னு நெனைச்சுடாதீங்க, ஒவ்வொரு மருந்துக்கும் அளவு வேற. தயவுசெஞ்சு மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சாம்பிள் குடுத்துடுங்க, இல்லன்னா கிருமி வளராமலே போயிடலாம்.