"நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன் தாயி?" என்று கேட்கும் நோயாளிக்கு என்ன சொல்வது?

கேள்வி: மதுரையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், 58 வயது, உணவுக்குழாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருக்கிறார். ராத்திரி டியூட்டியில் அவர் கட்டிலுக்குப் போகும்போதெல்லாம், "நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன் தாயி? கருப்பனுக்குக் கிடா வெட்டுறதா நேர்ந்துட்டு விட்டுட்டேன், அதான் இப்படியா?" என்று கேட்கிறார். பதில் தெரியாமல் நிற்கிறேன். நான் கிறிஸ்தவள். பக்கத்துக் கட்டில் அம்மா, "எனக்காக ஜெபம் பண்ணும்மா" என்கிறார். டாக்டரிடம் சொன்னால், "அதெல்லாம் நம்ம வேலை இல்லை சிஸ்டர்" என்கிறார். நான் எதைச் செய்யலாம், எது கூடாது?

பதில்: சிஸ்டர், பகலில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் அவர் இதைக் கேட்கவில்லை. பெற்ற மகனிடமும் கேட்கவில்லை. நடு ராத்திரியில் டிரிப்ஸ் பார்க்க வரும் உங்களிடம் கேட்கிறார். இது உங்கள் வேலைதானா என்பதற்கு அவரே பதில் சொல்லிவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆனால் அவர் பக்கத்தில் உட்காருவதற்கு முன், கடைசியாக வலி மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று பாருங்கள். வாய்வழி கொடுக்கும் சாதாரண மார்ஃபின் நான்கு மணி நேரம் போலத்தான் தாங்கும். பத்து மணிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வேளைக்கு ஏற்பாடு இல்லாமல் விட்டால், இரண்டு மணிக்கு வலி அவரை எழுப்பிவிடும். வலியோடு இருட்டில் விழித்துக் கிடக்கிறவருக்குப் பழைய தப்பெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி, "எமன் வந்து நிக்கிறான்" என்று அலறினார். கையைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஆறுதல் சொன்னேன். விடிந்த பிறகுதான் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மூத்திரம் அடைத்துக் கல்லு மாதிரி இருந்தது. ட்யூப் போட்டதும் கண்ணை மூடித் தூங்கினார். அந்த ஒரு ராத்திரியை அவருக்கு நான் மிச்சப்படுத்தியிருக்கலாம். அதனால் வலி, மூச்சுத்திணறல், மலச்சிக்கல், திடீர்க் குழப்பம் ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள்.

சரி, வலி அடங்கிவிட்டது, கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. "அப்படியெல்லாம் இல்லைங்க ஐயா, மனசைத் தளர விடாதீங்க" என்றுதான் நமக்கு வாய் வரும். அதைச் சொன்னதும் அவர் வாயை மூடிக்கொள்வார். விதி, கர்மா, கடவுள் சோதிக்கிறார் என்ற விளக்கங்களும் வேண்டாம். அவர் நம்மிடம் விளக்கம் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள், நின்றுகொண்டே கேட்காதீர்கள். "அந்தக் கிடாயை எதுக்காக நேர்ந்தீங்க ஐயா?" என்று கேளுங்கள். மகள் பிரசவமோ, கிணற்றில் தண்ணி வந்ததோ, ஏதோ ஒரு கதை வரும். அதைக் கேட்பதே பாதி வைத்தியம். "என் பாவத்தாலதான் இந்த நோயா?" என்று நேராகக் கேட்டால், "நல்லவங்க கெட்டவங்க பார்த்து இந்த நோய் வர்றதில்லைங்க ஐயா. எத்தனையோ நல்லவங்களை இதே வார்டுல பார்த்திருக்கேன்" என்று சொல்லுங்கள். உண்மை அது. பீடி, புகையிலைப் பேச்சை அப்போது எடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். "சாமி என்னைச் சீக்கிரம் எடுத்துக்கிட்டா போதும்" என்றால், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

நேர்த்திக்கடன் விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நம் பக்கத்தில் அது சாமியோடு போட்ட ஒப்பந்தம். அதை முடிக்காமல் போகிறோமே என்ற பயம் நிஜமான வேதனை. அவர் சம்மதித்தால் மகனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மாசிச் சிவராத்திரிக்குக் காத்திருக்க நாள் இல்லாவிட்டால், இப்போதே ஒரு நாள் பார்த்து, குடும்பத்தார் அவர் பெயரில் போய் முடித்துவிட்டு வரலாம். அதற்கும் வழியில்லை என்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் வழக்கம் இருக்கவே இருக்கிறது. எங்கள் வார்டில் ஓர் அப்பத்தாவுக்காக ஒரு சிஸ்டர் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்துக் கொண்டுவந்தார். ஒரு ரூபாய்க் காசை நடுவில் வைத்து அப்பத்தாவையே முடியச் சொன்னார். விரல் நடுங்கி முடிச்சு மூன்று தடவை நழுவியது. சிஸ்டர் வாங்கி முடிந்து தரவில்லை, பக்கத்திலேயே காத்திருந்தார். நாலாவது தடவை முடிச்சு விழுந்தது. தலையணைக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு அப்பத்தா கேட்ட முதல் வார்த்தை, "கொஞ்சம் காப்பித்தண்ணி கிடைக்குமா?" இரண்டு நாளாக எதையும் வாயில் வைக்காதவர் அவர்.

உங்கள் டாக்டர் சொன்னதற்கு வருகிறேன். லண்டனில் 1967-ல், கடைசிக் கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், அப்புறம் சமூகப் பணியாளர், அதற்கும் அப்புறம்தான் டாக்டர். உடல், மனம், குடும்பம், ஆன்மா நான்கும் சேர்ந்ததுதான் முழு வலி என்றார் அவர். ஆன்மிகத் துணையும் இப்படிப்பட்ட நோயாளிகளின் வலி தணிப்புச் சிகிச்சையில் சேர்ந்தது என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. 2013-ல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வொன்றில், முற்றிய புற்றுநோயாளிகளில் 87 சதவீதம் பேர் நர்ஸ்களிடமிருந்தும், 94 சதவீதம் பேர் டாக்டர்களிடமிருந்தும் இப்படி ஒரு துணையை ஒருமுறைகூடப் பெற்றதில்லை என்றார்கள். டாக்டர், நர்ஸ்களில் பெரும்பாலோர் இது தேவை என்றுதான் சொன்னார்கள். பயிற்சி பெற்றவர்களே இதை அதிகம் செய்தார்கள், பெரும்பாலோருக்கோ அந்தப் பயிற்சியே கிடைத்திருக்கவில்லை. உங்கள் டாக்டரும் இரக்கமில்லாமல் சொல்லியிருக்க மாட்டார், யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவரிடம் வாதாட வேண்டாம். கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுங்கள்: "நேர்த்திக்கடன் பற்றிக் கவலை, தூக்கமில்லை, மகனிடம் பேச வேண்டும்." டியூட்டி மாறும்போது வாயாலும் சொல்லுங்கள். எழுதிவைத்தது ரவுண்ட்ஸில் பேச்சுக்கு வரும்.

புது நோயாளி வந்தால் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தயங்குவீர்கள். "கஷ்டம் வந்தா எதைப் பிடிச்சுக்கிட்டுத் தாங்குவீங்க?" என்று கேட்டால் போதும். சாமி என்பார்கள், பிள்ளைகள் என்பார்கள், "ஒண்ணுமில்லை" என்றும் சொல்வார்கள். சாமி நம்பிக்கை இல்லாத கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் என்னிடம், பத்து வருஷமாகப் பேசாத பங்காளியை ஒரு தடவை பார்க்கணும் என்றார். கூட்டிவரச் சொன்னோம். அவர் நினைவு தப்பிய பிறகு உறவினர் திருநீறு பூச வந்தபோது, அவர் விருப்பம் எங்களுக்குத் தெரியும் என்று மென்மையாகத் தடுத்தோம்.

பக்கத்துக் கட்டில் அம்மா தானாகக் கேட்கிறார், அதனால் உங்களுக்கு மனமிருந்தால் தாராளமாக ஜெபியுங்கள். சத்தம் மற்றவரைத் தொடாமல் இருக்கட்டும். கேட்காதவரிடம் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். உங்கள் கையில்தான் அவர் மருந்து இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. உசிலம்பட்டி ஐயா கும்பிடச் சொன்னால், "உங்க சாமியை நீங்க கும்பிடுங்க ஐயா, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றால் போதும்.

வார்டில் அடிக்கடி தடுமாறும் சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸிஜன் ஓடும் இடத்தில் சூடம், ஊதுபத்தி கூடவே கூடாது. வீட்டில் ஏற்றி வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ ஸ்கேனுக்குத் தாயத்தைக் கழற்றத்தான் வேண்டும். கயிற்றைக் கத்தரிக்காமல் அவிழ்த்து, சுற்றி, மகள் கையில் கொடுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் பழைய "அவஸ்தை பூசுதல்" நினைவால் சாமியாரைக் கூப்பிடப் பயப்படுவார்கள். இன்றைக்கு அது நோயில் பூசுதல், கடைசி மூச்சுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எழ முடியாத முஸ்லிம் நோயாளி படுத்தபடியே தொழலாம், தண்ணீர் ஆகாதவருக்கு, தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவிக்கொள்ளும் "தயம்மும்" முறை உண்டு. மக்கா இருக்கும் திசைக்காக, கட்டிலைக் கொஞ்சம் மேற்கே திருப்பித் தர முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

கடைசி நேரத்தில் பால் ஊற்ற வருவார்கள். நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தடுத்து விரட்டாதீர்கள், பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தடவச் சொல்லுங்கள். ஆளாளுக்கு வந்து தடவிவிட்டுப் போகட்டும்.

உங்கள் நோயாளிக்கு நேரம் அதிகம் இல்லை. வீட்டில், தன் மண்ணில்தான் உயிர் போகணும் என்று நினைக்கிறாரா என்று இந்த வாரமே கேளுங்கள். ஆம் என்றால் டாக்டரிடம் சொல்லி, மார்ஃபினும் எழுதி வாங்கி அனுப்புங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் உண்டு. அவருக்கும் கருப்பன் கோயில் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.